இரண்டு காம்ப்ரஸர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச், கொடைக் காலத்தில் கோவில் மேடை. டெலிகாஸ்டர் வகை கிட்டார், சிங்கிள் காயில் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) பிக்கப். டைனா காம்ப் என்ற காம்ப்ரஸர் பெடல் (ஓங்கிய சத்தத்தை அமுக்கிச் சமன் செய்வது) ஏற்கெனவே இருந்தது. போன மாதம் பாஸ் (Boss) கம்பெனியின் சிஎஸ்-3 என்ற இன்னொரு காம்ப்ரஸரை வாங்கி அதன் பின்னால் கோத்தேன். இரண்டிலும் முழுசாக வைத்து வாசித்தால் வீட்டில் அருமையாக இருக்கிறது. மேடையில் கையை எடுத்தால் ஒரே இரைச்சல், ஸ்ட்ரம் செய்தால் சத்தம் செத்துப்போகிறது. மைக்செட்காரர் ஒன்றைக் கழற்றச் சொல்கிறார். விற்றுவிடட்டுமா?

எஸ்., அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

விற்க வேண்டாம். இரண்டு பெடலுக்கும் ஒரே வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள், அதுதான் தொல்லை.

கணக்கைப் பாருங்கள். முதலாவதின் ரேஷியோ 4:1 (உள்ளே 4 டெசிபல் ஏறினால் வெளியே 1 டெசிபல்தான் ஏறும்), அடுத்தது 3:1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் த்ரெஷோல்டையும் (அமுக்கத் தொடங்கும் அளவு) தாண்டிய சத்தத்துக்கு ரேஷியோவைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும்: 12:1. நீங்கள் 12 டெசிபல் ஓங்கி அடித்தாலும் வெளியே ஏறுவது 1 டெசிபல். ஸ்ட்ரம் சாகாமல் என்ன செய்யும்? இரைச்சலும் இதே வழியில்தான் வருகிறது. அமுக்கியதை ஈடுகட்ட ஒவ்வொன்றும் 10 டெசிபல் தூக்கினால் மொத்தம் 20. கிட்டாரின் ஹம் பத்து மடங்கு வோல்டேஜில் ஆம்ப்புக்குப் போகிறது. வாசிக்கும்போது தெரியாது. கையை எடுத்ததும் இரண்டும் பிடியைத் தளர்த்தும், அடியில் கிடந்ததெல்லாம் மேலே வரும். கொடை மேடையில் கேட்கவே வேண்டாம்: பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேல் சீரியல் செட், ஓரத்தில் டிம்மர் போட்ட விளக்கு. சிங்கிள் காயில் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும்.

ஸ்டுடியோக்களில் குரலுக்கு இரண்டு காம்ப்ரஸரை வரிசையாகப் போடுவது பழைய வழக்கம். முதலில் 1176 என்ற மாடல், அடுத்து எல்ஏ-2ஏ என்ற மாடல். 1967இல் வந்த 1176இன் அட்டாக்கை (அமுக்கிப் பிடிக்க எடுக்கும் நேரம்) 20 மைக்ரோசெகண்ட் வரை கொண்டுபோகலாம். எல்ஏ-2ஏ ஒளியை வைத்து வேலை செய்வது, நிதானக்காரர். சத்தம் நின்றதும் அமுக்கியதில் பாதியை 60 மில்லிசெகண்டில் விடும், மீதியை விடப் பல செகண்ட்கூட ஆகும். வேகமானது முதல் முனையை மட்டும் 3, 4 டெசிபல் தட்டிவிடுகிறது. அந்த முனை போய்விட்டதால் பின்னால் இருப்பது திடுக்கிடாமல் நோட்டின் வாலைச் சமமாகப் பிடிக்கிறது. கிட்டாருக்கும் நான் இதையே சொல்வேன்.

உங்கள் டைனா காம்ப்பில் இரண்டே நாப். அட்டாக், ரிலீஸ் (பிடியை விடும் நேரம்) எல்லாம் உள்ளேயே நிலையாக வைத்தது. சென்சிடிவிட்டியை (எவ்வளவு அமுக்குவது என்ற நாப்) கால்வாசிக்குக் கீழே இறக்குங்கள். அவுட்புட்டை, பெடலை மிதித்தாலும் விட்டாலும் சத்த அளவு மாறாத இடத்தில் நிறுத்துங்கள். இது முக்கியம், கொஞ்சம் சத்தம் கூடினாலே காது 'நன்றாயிருக்கிறது' என்று ஏமாந்துவிடும். சிஎஸ்-3யில் அதே வேலையைச் செய்யும் சஸ்டைன் நாப் கால்வாசி, அட்டாக் பாதிக்கு மேல். அந்தப் பக்கம் திருப்பினால்தான் பிக் படும் சத்தம் முன்னுக்கு வரும். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொரு பெடலும் வேலை செய்கிறதா என்றே சந்தேகம் வர வேண்டும். அப்புறம் ஆறாம் கம்பியை ஓப்பனாக அடித்து, அது ஒலிக்கும்போதே முதல் கம்பியை மீட்டுங்கள். முதல் கம்பி அமுங்கினால் இன்னும் குறைக்க இடமிருக்கிறது.

ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல்) வைத்திருந்தால் இரண்டாவதை அதற்குப் பின்னால் கொண்டுபோகாதீர்கள். டிரைவே சத்தத்தை வெட்டிச் சமன் செய்துவிடுகிறது, அதற்குப் பிறகு காம்ப்ரஸருக்கு இரைச்சலைத் தூக்குவதைத் தவிர வேலை இல்லை. முன்னால் வைத்தாலும் ஒரு நஷ்டம் உண்டு: கிட்டார் வால்யூமைக் குறைத்து டிரைவைத் தெளிய வைக்கும் வித்தை பாதி போய்விடும்.

மைக்செட்காரர் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். மிக்ஸரில் உங்கள் சேனலுக்கு அவரும் ஒரு காம்ப்ரஸர் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். போட்டிருந்தால் உங்களுக்கு மூன்று ஆயிற்று. சர்ச்சில் கம்பி கம்பியாக வாசிக்கும் பாட்டுக்கு இரண்டும் இருக்கட்டும். கொடை மேடையில் ஒன்றே போதும் என்பதுதான் என் கட்சியும்.

ஒரே அடாப்டரில் இரண்டு பெடலையும் ஓட்டுகிறீர்களா? இரண்டிலும் 9 வோல்ட் பேட்டரி போட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் மாற்ற வேண்டியது அடாப்டர்.