சிரஸ்தார் பதில்கள்: 65,000 ரூபாய்ச் சான்றிதழ்

(கோர்ட் அலுவல், மனு, பத்திரம் தொடர்பான வாசகர் கேள்விகளுக்குக் கடலூர் மாவட்ட நீதிமன்றங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற சிரஸ்தார் ஒருவர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 24. பி.காம். முடித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சட்டத் துறைக்கு வர வேண்டும் என்று கல்லூரியில் படிக்கும்போதே ஆசை. என் பெரியம்மா மகள் அமெரிக்காவில் டாலஸ் நகரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பாராலீகலாக (வக்கீலின் சட்ட உதவியாளராக) இருக்கிறார். “நீயும் பாராலீகல் சான்றிதழை வாங்கிவிடு” என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் விசாரித்தேன். ஓராண்டுப் படிப்பு, கட்டணம் 65,000 ரூபாய். படித்து முடித்தால் வக்கீல் அலுவலகத்தில் வேலை உறுதி, பிறகு எல்.எல்.பி. சேர்ந்தால் ஓராண்டு குறையும் என்கிறார்கள். அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணம் தரத் தயாராக இருக்கிறார். கட்டலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: கட்ட வேண்டாம் அம்மா. அப்பாவின் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.

எல்.எல்.பி.யில் ஓராண்டு குறையும் என்று சொன்னார்களே, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். தரமாட்டார்கள். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகள், இடையில் நுழைவதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. பட்டதாரிக்கு மூன்று ஆண்டு என்றால் மூன்று ஆண்டுதான். எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் ஒரு செமஸ்டர்கூடக் குறையாது. சேரும்போதே இப்படிப் பேசுகிறவர்கள் ‘வேலை உறுதி’ என்பதை எந்தப் பொருளில் சொல்லியிருப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா பொய் சொல்லவில்லை. அவர் தம் ஊர் நிலவரத்தைச் சொல்கிறார். அமெரிக்காவில் பாராலீகல் என்பது தனி உத்தியோகம். வக்கீலின் மேற்பார்வையில் ஆவணங்களைத் திரட்டுவது, வரைவு தயாரிப்பது, கட்சிக்காரரிடம் விவரம் வாங்குவது எல்லாம் அவர்கள் வேலை. அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் பாராலீகல் படிப்புகளைப் பார்த்து அங்கீகாரம் தருகிறது. நாலா என்ற பாராலீகல் சங்கம் போன்ற அமைப்புகள் தேர்வு வைத்துச் சான்று கொடுக்கின்றன. அதைப் பார்த்துச் சம்பளம் பேசும் சந்தையும் அங்கே இருக்கிறது. ஆனால் அங்கேயும் பாராலீகல் தன் பொறுப்பில் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, கோர்ட்டில் எழுந்து வாதாடக் கூடாது. உங்கள் அக்காவே நாளைக்கு வக்கீலாக நினைத்தால் சட்டக் கல்லூரிக்குப் போய்விட்டு பார் தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம், தொழில் செய்யும் உரிமை உள்ளவர்கள் ஒரே வகையினர், அவர்கள் வழக்கறிஞர்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறது. பாராலீகலுக்கு அதில் இடமில்லை. ஆகவே அந்தச் சான்றிதழ் உங்களுக்குக் கோர்ட்டில் எந்த உரிமையும் தராது. மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அதைக் கொண்டுபோய் நீட்டினால், ஓரமாக வைத்துவிட்டு, “டைப்பிங் தெரியுமா?” என்றுதான் கேட்பார்.

இது கேலியில்லை. நான் மேசையில் இருந்த காலத்தில், எந்த அலுவலகத்தில் நல்ல குமாஸ்தா இருக்கிறார், எதில் இல்லை என்பதை வருகிற பிராதை, அதாவது வழக்கு மனுவைப் பார்த்தே சொல்லிவிடுவேன். சிரஸ்தாரின் வேலையே அதுதான். கோர்ட் கட்டணம் சரியா, மதிப்பீடு சரியா, காலவரம்புக்குள் வந்ததா, எங்கள் கோர்ட் எல்லைக்குள் வருகிறதா, சொத்து விவரத்தில் செக்குபந்தி (எல்லைகள்) நான்கும் இருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் குறிப்பெழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். பழைய சர்வே எண்ணைப் போட்டுவிட்டு உட்பிரிவை விட்டிருப்பார்கள். கிரயப் பத்திரத்தில் ஒரு விஸ்தீரணம், சிட்டாவில் வேறொன்று இருக்கும். வாதியின் சொத்துக்கு மேற்கே ரோடு என்று எழுதியிருப்பார்கள், வரைபடத்தில் வாய்க்கால் ஓடும். நல்ல குமாஸ்தா உள்ள அலுவலகத்திலிருந்து இப்படிப்பட்ட பிராது வரவே வராது. தீர்ப்பு சொன்ன அன்றைக்கே அவர் நகல் மனுவைப் போட்டுவிடுவார். சார்பு நீதிமன்றத் தீர்ப்பின் மேல் மாவட்ட நீதிமன்றத்துக்கு அப்பீல் போக 30 நாள்தான். சான்றிட்ட நகல் கிடைக்க ஆகும் நாளை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று காலவரம்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. மனுவைத் தள்ளிப்போட்டு, 30 நாளையும் தாண்டிவிட்டால் கழிக்க ஒன்றும் மிஞ்சாது. பிறகு தாமத மன்னிப்பு மனு, அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம், எதிர்த்தரப்பின் ஆட்சேபணை, நாலைந்து வாய்தா என்று இழுக்கும். பிரிவு எண்ணைப் படிப்பில் சொல்லித் தரலாம். அன்றைக்கே நகல் பிரிவுக்கு ஓட வேண்டும் என்ற பழக்கம், ஒரு முறையாவது அலுவலகத்தில் திட்டு வாங்கியவர்களுக்குத்தான் வரும்.

எனவே சான்றிதழைப் பற்றி நீங்கள் கேட்டாலும், முதலில் நான் உங்களைக் கேட்க வேண்டியது வேறு. கோர்ட்டில் நின்று வாதாட வேண்டுமா, அல்லது சட்டத்தை ஒட்டிய வேலை ஒன்று கிடைத்தால் போதுமா?

வாதாட வேண்டும் என்றால் நேரே மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு விண்ணப்பியுங்கள். பட்டப்படிப்பில் பொதுப்பிரிவினருக்கு 45 சதவீத மதிப்பெண் வேண்டும், மற்றவர்களுக்குத் தளர்வு உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. காலாப்பட்டில் உள்ள டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, நீங்கள் புதுச்சேரியில் வேலை பார்ப்பதால் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அங்கே இடம் ஒதுக்கும்போது இருப்பிடத்தைப் பார்ப்பார்கள், நெல்லிக்குப்பம் முகவரியை வைத்துக்கொண்டு அதை நம்பியிருக்க வேண்டாம். வேலையை விடாமல் அஞ்சல் வழியில் படிக்கலாமா என்று அடுத்த கடிதம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்: அஞ்சல் வழிச் சட்டப் படிப்பை வைத்துக்கொண்டு வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. வகுப்புக்குப் போக வேண்டும், 70 சதவீத வருகை கட்டாயம். ஜவுளிக் கடை முதலாளி பகலில் மூன்று வருடம் விடுப்புத் தரமாட்டார். அந்த 65,000 ரூபாய் உண்மையில் தேவைப்படுவது அப்போதுதான், சம்பளம் நின்ற மாதங்களில் பஸ் பாஸுக்கும் புத்தகத்துக்கும்.

படிப்பு முடிந்து பதிவு செய்யும்போது யாராவது ஆயிரக்கணக்கில் கட்டணம் சொன்னால் பயப்படாதீர்கள். சட்டப்படி பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் எந்த மாநில பார் கவுன்சிலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பிறகு அகில இந்திய பார் தேர்வு ஒன்று இருக்கிறது, அது அவ்வளவு பெரிய மலையில்லை. உண்மையான மலை ஜூனியராக உட்காரும் முதல் சில வருடங்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று பார் கவுன்சிலுக்குச் சொன்னது. உத்தரவு நல்ல உத்தரவு. நீங்கள் சேரப்போகும் சீனியர் அதைப் படித்திருக்கிறாரா என்று சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

சட்டத்தை ஒட்டிய வேலை போதும் என்றால், சான்றிதழைவிடத் தட்டச்சு பெரிய சொத்து. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை தேறி வைத்திருங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழியாகக் கோர்ட்டிலேயே தட்டச்சராக வரலாம், வக்கீல் அலுவலகங்களும் அதைத்தான் முதலில் பார்க்கும். கடலூர் கோர்ட்டுகளில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. பிழையில்லாத தமிழில் ஒரு பிரமாணப் பத்திரம் அடிக்கத் தெரிந்தவரைத் தேடி வந்து அழைப்பார்கள். அத்துடன் உங்களுக்குக் கணக்குத் தெரியும். ஜி.எஸ்.டி., வருமான வரி பார்க்கும் ஆடிட்டர், வக்கீல் அலுவலகங்கள் புதுச்சேரியில் இருக்கின்றன, பி.காம். படித்த ஒருவருக்கு அங்கே நுழைவது எளிது. இதை ஏன் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

சான்றிதழ் எவருக்குமே பயன்படாது என்று சொல்லவில்லை. சென்னையில் வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே அப்படி ஓர் இடத்திலோ, ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவிலோ இருப்பவர், பதவி உயர்வுக்கு ஒரு காகிதம் வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளலாம். அவர்களுக்கும் இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாராலீகல் பட்டயப் படிப்பு இருக்கிறது. +2 தேறியிருந்தால் போதும், செலவும் உங்களிடம் கேட்கும் தொகையில் ஒரு சிறு பகுதிதான். தனியார் நிறுவனத்தில்தான் படிப்பேன் என்று நிற்பவர்கள் பாடத்திட்டத்தை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாடத்திட்டத்தில் இன்னும் 302, 420 என்றே இருந்தால் அந்தப் படியில் கால் வைக்காமல் திரும்பிவிடுங்கள்.

காசில்லாமல் இந்தத் துறையைத் தொட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ‘சட்டத் தன்னார்வலர்’ (பாராலீகல் வாலண்டியர்) என்று ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் தொடங்கிய திட்டம் அது. பாராலீகல் என்ற பெயர் நம் நாட்டில் அரசுக் காகிதத்தில் இருப்பதை இங்கே பார்க்கலாம். சம்பளம் கிடையாது, பணிக்கு அழைக்கும் நாளுக்கு மதிப்பூதியம் உண்டு. பொதுமக்களிடம் கை நீட்டக் கூடாது. மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தருவது, யார் யாருக்கு இலவச வக்கீல் கிடைக்கும் என்று சொல்வது, லோக் அதாலத்துக்கு வருகிறவரை உட்காரவைத்துக் கேட்பது இதெல்லாம் வேலை. பெண் என்றால் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்பது பல பெண்களுக்கே தெரியாது. ஜீவனாம்சத்துக்கு வந்து நிற்கிற பெண்ணிடம், அழுகை அடங்கும் வரை காத்திருந்து, கல்யாணத் தேதியையும் கணவரின் சம்பளத்தையும் கேட்டு வாங்கத் தெரிகிறதா என்று அங்கே உங்களுக்கே புரிந்துவிடும். கோர்ட் வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில், அடுத்த தேர்வு எப்போது என்று கேளுங்கள். அங்கே சில மாதம் இருந்துவிட்டு அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், விழுப்புரத்துக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: எனக்குப் பிரெஞ்சு நன்றாகப் படிக்க வரும். புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களை மொழிபெயர்த்துத் தருவதைத் தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா?
— வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: முழுத் தொழிலாகக் கஷ்டம், கூடுதல் வருமானமாக நன்றாகவே முடியும். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைவதற்கு முன், நொத்தேர் என்னும் பிரெஞ்சுப் பத்திர அதிகாரி முன்னிலையில் பிரெஞ்சில் எழுதிய கிரயமும் உயிலும் பாகப்பிரிவினையும் இன்றைக்கும் வழக்குகளில் மூலப் பத்திரமாக வருகின்றன. அந்தக் காலக் கையெழுத்து ஒரு தனி வித்தை, பள்ளிக்கூடப் பிரெஞ்சு மட்டும் போதாது. ரெனோன்சான் குடும்பங்களின் (தம் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின்) வழக்கு என்றால், பிரெஞ்சு சிவில் சட்டத்தின் வாரிசுரிமை முறையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கடலூர் சாலையில் உள்ள கோர்ட் வளாகத்தில் சிவில் வழக்கு நடத்தும் மூத்த வக்கீல்கள் இரண்டு மூன்று பேரைப் பாருங்கள், மாதிரிக்கு ஒரு பத்திரத்தைப் பெயர்த்துக் காட்டுங்கள். பத்திரத்தில் உள்ள அளவைத் தற்போதைய அளவுக்கு மாற்றிப் போடும்போது, மூல அளவையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் கூண்டில் ஏற்றிவிடுவார்.

கேள்வி: பண்ருட்டியில் பல வருடமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். பத்தாவது தேறிய பிறகு +2 படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக பி.ஏ. வாங்கினேன். எல்.எல்.பி. சேரலாமா?
— வாசகர், பண்ருட்டி

பதில்: அந்தப் பட்டத்தை வைத்துச் சேர முடியாது. பத்தாவது, +2, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. உங்கள் அனுபவம் எவ்வளவு பெரிதானாலும் அந்த இடைவெளியை நிரப்பாது. +2வைத் தனித்தேர்வராக எழுதித் தேறி, அதற்குப் பிறகு ஒரு பட்டம் வாங்குங்கள். அந்தப் பட்டத்தை அஞ்சல் வழியில் படித்தாலும் குற்றமில்லை, சட்டப் படிப்புக்குத்தான் வகுப்பு. தனித்தேர்வர் விண்ணப்பம் பற்றி அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிப்பு வெளியிடும். கடைசித் தேதியைப் பற்றி ஒரு குமாஸ்தாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.