ரெசின் ஊத்தி மூணு நாளாச்சு, இன்னும் பிசுபிசுங்குது. மேலாக்க கொஞ்சம் ஹார்டனர் தடவுனா காஞ்சிருமா?

தடவாதீங்க. மொதல்ல அந்த ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கச் சேக்குறது) பாட்டிலை மூடி உள்ள வைங்க, பொறவு மிச்சத்தை வாசிங்க.

என்ன ரெசின், என்ன அளவுன்னு கேள்வியில எதுவுமே போடல. ஆனா மூணு நாள்னு எண்ணிக்கிட்டு இருக்கீங்கன்னா ஏதோ ஆர்டரா இருக்கும், இல்லன்னா சொந்தத்துல யாருக்கோ குடுக்கணும், வீட்ல ஒருத்தர் அப்பவே சொன்னேன்னு ஆரம்பிச்சிருப்பாவ, இன்னொருத்தர் வந்து ஹார்டனர் பத்தலன்னு தீர்ப்பே சொல்லியிருப்பாவ. அந்த இன்னொருத்தருக்காகத்தான் இந்தப் பதிலே எழுதுதேன்.

நான் பாளையங்கோட்டைல வீட்ல வச்சே ரெசின் வேலை (ஊத்துனா கண்ணாடி கணக்கா இறுகுற பிசின்ல பொருளைப் பதிச்சு வைக்கிறது) செய்யுதேன், கல்யாண மாலை, பிள்ளையளோட மொத முடி, நேம் போர்டு, இப்பிடி. எங்க முடுக்குல ஒரு காலேஜ் பிள்ளை, அதோட அக்கா கல்யாண மாலையை ஃப்ரேம் போட்டு அக்காவுக்கே குடுக்கப் போறேன்னு ஆன்லைன்ல ரெசினும் ஹார்டனரும் சேந்த கிட் வாங்கி யாருட்டயும் சொல்லாம ஊத்திட்டு. நடுவுல நல்லா காஞ்சிட்டு, ஓரத்துல மட்டும் விரலு ஒட்டுது. அந்த நேரம் பாத்து அதோட மாமா ஊர்ல இருந்து வந்திருக்காவ. அவியளுக்கு உவரி, அங்கன ஃபைபர் வள்ளத்துக்கு ரெசின் அடிக்கிற வேலை. பாத்த ஒடனே "ஏட்டி, ஹார்டனர் பத்தல, இன்னொரு கோட்டு கலக்கி ரெண்டு மூடி சேத்து ஊத்து, விடியக்குள்ள இறுகிரும்"னுட்டாவ. அதுவும் ஊத்திட்டு. விடிஞ்சு பாத்தா ஓரத்துல மட்டும் ஒட்டுனது இப்ப ஃப்ரேம் முழுக்க ஒட்டுது, போதாததுக்கு லேசா மஞ்சளும் அடிச்சிட்டு, பிள்ளை அழுதுக்கிட்டே எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வருது, பொறத்தாலயே மாமாவும் வாராவ.

நான் சொன்னேன், அண்ணாச்சி, இது உங்க ரெசின் கெடையாது, கூடுதல் ஹார்டனர் ஊத்துனதுதான் இந்தப் பாடுன்னு. அவியளுக்குக் கோவம் வந்துட்டு. "இந்தாம்மா, நான் ரெசின்லயே கெடந்து வளந்தவன், நீ போன்ல பாத்துட்டு எனக்குச் சொல்லுதியா"ன்னாவ. சொல்லத்தான் செஞ்சேன். இங்கயும் அதையேதான் சொல்லுதேன், ஏன்னா இந்தக் குழப்பம் அவியளுக்கு மட்டும் இல்ல, பாதிப் பேருக்கு இருக்கு.

வள்ளத்துக்கு அடிக்கிறது பாலியெஸ்டர் ரெசின். வாடை மூக்கைத் தொளைக்குமே, அது. இறுகுறதுக்கு வேண்டியது எல்லாம் அந்த ரெசினுக்குள்ளயே இருக்கு, மேல ஊத்துற கேட்டலிஸ்ட் சும்மா தட்டி எழுப்பி விடுறது மட்டும்தான், நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பங்கு போதும். மழைக் குளிர்ல இன்னொரு துளி கூட்டுனா வெரசா இறுகும், வெயில்ல கொறைச்சா பைய இறுகும். அந்தத் தொழில்ல அண்ணாச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா நம்ம கைவேலைக்கு ஊத்துறது எபாக்ஸி. இதுல ஹார்டனரும் ரெசினுக்கு ஜோடி ஆளு மாதிரிதான், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டாதான் கெட்டியாகும். இத்தனைக்கு இத்தனைன்னு கணக்கு இருக்கு. கூட ஊத்துன ஹார்டனருக்குக் கோத்துக்க ரெசின் கெடைக்காது, அது அப்பிடியே பிசுபிசுப்பா உள்ளேயே கெடக்கும். கொறைஞ்சாலும் இதே கதைதான், அப்ப ரெசின் மிச்சம் கெடக்கும். மேலாக்க ஹார்டனரை மட்டும் தடவுனா என்ன ஆகும்னு இப்ப நீங்களே சொல்லுங்க.

நான் படிச்சது பி.காம், கெமிஸ்ட்ரி இல்ல. கமென்ட்ல வந்து அமீன், மோல்னு கிளாஸ் எடுக்குறவங்க எடுத்துக்கோங்க, ஆனா முடிவுக்கு வரும்போது நான் சொன்ன இடத்துக்குத்தான் வருவீங்க.

அந்த ஃப்ரேமை என்ன செஞ்சோம்னு சொல்லுதேன், உங்களுக்கும் அதுதான் வழி. கையில நைட்ரைல் கிளவுஸ் போட்டுக்கிட்டு (வெறுங்கையால தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்க, காயாத எபாக்ஸி சில பேருக்கு அலர்ஜி ஆக்கிரும், ஒரு தடவை வந்துட்டுன்னா பொறவு பாட்டிலைத் தெறந்தாலே அரிக்கும்), பழைய ஏடிஎம் கார்டால மேல் கோட்டைச் சொரண்டுனோம். சுருண்டு சுருண்டு வந்துது, ரெண்டு ரோஜா இதழும் கூடவே வந்துட்டு. அடியில பாத்தா மொதக் கோட்டு நடுவுல நல்ல கண்ணாடி, ஓரத்தைச் சுத்தி மட்டும் ஈரப்பசை. பிள்ளைட்ட கேட்டேன், கப்பைக் கடைசியா எங்க வழிச்ச? ஓரத்துலதான்க்கா, வீணாக்கக் கூடாதுன்னு வழிச்சு விட்டேன்னுச்சு. அம்புட்டுதான் விசயம். கப்போட சுவர்லயும் அடியிலயும் ஒட்டிக்கிட்டு இருக்குறது சரியா கலந்திருக்காது, அதை வழிச்சு ஊத்துன இடம் காயவே காயாது. நாலஞ்சு நிமிசம் பைய கலக்கணும், குச்சியால சுவரையும் அடியையும் வழிச்சு வழிச்சு உள்ள சேக்கணும், பொறவு வேற புது கப்புக்கு மாத்தி இன்னும் கொஞ்சம் கலக்கணும். வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா உள்ள கோடு கோடா நெளிஞ்சா இன்னும் கலக்கலன்னு அர்த்தம்.

சொரண்டி முடிச்சு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைச்ச துணியால தொடச்சு, அது ஆவியாகுற வரைக்கும் விட்டு, சரியா அளந்த புதுக் கோட்டு மெல்லிசா ஒண்ணு விட்டோம். காஞ்சிட்டு. உங்களுது லேசா ஒட்டுற பதம்னா இது போதும். தண்ணியாவே கெடக்குன்னா மூடி மறைக்க முடியாது, கீழ இருந்து கசிஞ்சுக்கிட்டே இருக்கும், மொத்தமா வழிச்சு எடுத்துருங்க.

அளவைப் பத்தி ஒண்ணு. மாவு நிறுக்கிற தராசுல சின்ன வேலை செய்யாதீங்க. ரெசின் 3-க்கு ஹார்டனர் 1-ங்கிற கிட்டுல மொத்தம் 10 கிராம் கலக்கணும்னா ஹார்டனர் 2.5 கிராம். அந்தத் தராசு 1 கிராம் 1 கிராமாத்தான் ஏறும், 2-ன்னு காட்டும் இல்லன்னா 3-ன்னு காட்டும், ரெண்டுமே தப்பு. புள்ளிக்குப் பொறவு ரெண்டு எண்ணு காட்டுற குட்டித் தராசு வாங்கிக்கோங்க. இன்னொண்ணு, பாட்டில்ல போட்டிருக்குற அளவு எடையா, கப்பு அளவான்னு பாருங்க. பொதுவா ரெசின் கனம் கூட, ஹார்டனர் கனம் கம்மி, கப்புக்குச் சொன்ன 2-க்கு 1-ஐத் தராசுல வச்சா ஹார்டனர் கூடிப்போகும். இது தெரியாமலே நெறைய பேரு கம்பெனியைத் திட்டிக்கிட்டு இருக்காவ.

வெயில்ல வைக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. அளவு சரியா இருந்து பைய காயுதுன்னா சூடு ஒதவும், அளவு தப்புன்னா அக்னி நட்சத்திர வெயிலுக்கும் காயாது. நம்மூர் மே மாசத்துல பிரச்சினையே தலைகீழ். கப்பு நெறைய கலக்கி வச்சிட்டு காலிங் பெல் அடிக்கேன்னு போனீங்கன்னா திரும்பி வரதுக்குள்ள பொகை வந்து பிளாஸ்டிக் கப்பு வளைஞ்சு நிக்கும், எபாக்ஸி இறுகும்போது அதுவே சூட்டைக் கெளப்பும். மழைக் காலத்துல வேற தொல்லை, காத்துல இருக்குற ஈரத்துக்கு மேலாக்க மெழுகு பூசுன கணக்கா ஒரு படலம் படியும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பொறவு இங்க ரொம்ப நாளு வீடெல்லாம் நசநசன்னே கெடந்துது, அப்ப ஊத்துனதுல எல்லாம் எனக்கு அந்தப் படலம். அது காயாதது இல்ல, வெதுவெதுப்பான தண்ணியில சோப்பு போட்டுக் கழுவுனா போயிரும். கழுவாம உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, உள்ளதான் இழுகும்.

பூவு போட்டிருக்கீங்கன்னா அதையும் சந்தேகப்படணும். வாடுன பூ வேற, காஞ்ச பூ வேற. சம்பங்கி தொட்டா காஞ்சது மாதிரி இருக்கும், காம்புல தண்ணி நிக்கும், ரெசினுக்குள்ள போயி பழுப்பாகி சுத்தி இளகலாக்கிரும். ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லுல பொதைச்சு வச்சு, இதழ் கையில நொறுங்குற பதம் வந்தாதான் எடுக்கணும். கல்யாணத்துக்கு மறுநாளே மாலையைக் கொண்டாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுதேன், மறுவீடு விருந்தெல்லாம் முடிஞ்சு பிளாஸ்டிக் கவர்ல கட்டி ஃப்ரிட்ஜ்ல வச்சு அழுகுனதைக் கொண்டாந்து, அப்பிடியே ஃப்ரெஷ்ஷா தெரியணும்ங்காவ. கொண்டாந்தவுகளே ரேட்டு சொன்னா, பிளாஸ்டிக் தானம்மா, இதுக்கா இவ்வளவுன்னு இழுப்பாவ. மாலை கட்டுனவர்ட்ட இப்பிடிக் கேப்பாவளா? பந்தல்காரர்ட்ட கேப்பாவளா? வீட்ல இருந்து செய்யுதவட்ட மட்டும்தான் கேப்பாவ. எங்க பெரியத்தை வரும்போதெல்லாம் ரெண்டு கீ செயினை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, போற எடத்துல எங்க மருமவ வீட்ல சும்மாத்தான் இருக்கான்னு சொல்லுவாவ. அவிய இந்த ஆப் பாக்க மாட்டாவன்னு தைரியத்துல எழுதுதேன். சரி, அது கெடக்கட்டும்.

(யுவி ரெசின்னா இந்தப் பதில் உங்களுக்கு இல்ல. அதுக்கு ஹார்டனரே கெடையாது, யுவி லைட்டு பட்டாதான் இறுகும், ஒட்டுதுன்னா லைட்டு பத்தல, இல்ல கலரு அடர்த்தி கூடி லைட்டு உள்ள போகலன்னு அர்த்தம்.)

நீங்க இப்ப செய்ய வேண்டியது, கலக்குன கப்பைத் தேடி எடுங்க, தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்கன்னு நெனைக்கேன். அதுல மிச்சம் இருக்குறதைக் குச்சியால குத்திப் பாருங்க. அதுவும் கொழகொழன்னா அளவு தப்பு, இல்லன்னா கலக்குனது பத்தல. அது கெட்டியா இருந்து ஃப்ரேம்ல மட்டும் அங்கங்க ஒட்டுதுன்னா கப்பை வழிச்ச எடமா, பூவோட ஈரமா, இல்ல போஸ்டர் கலர் மாதிரி தண்ணிக் கலரு ஏதும் சேத்தீங்களான்னு பாருங்க. ரெண்டுல எதுன்னு கமென்ட்ல போடுங்க, பாட்டில் லேபிள் ஃபோட்டோவும் சேத்துப் போடுங்க, ராத்திரி வந்து பாக்கேன்.