டிரிப்ஸ் ஏற்றி நெய்ச்சோறு ஊட்டினால் தேறிவிடுவாளா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. ஏற்காட்டில் விடுதியில் தங்கி பிளஸ் ஒன் படிக்கிறாள். ஆறு மாதத்தில் 9 கிலோ குறைந்துவிட்டாள். மாதவிடாய் நின்று நான்கு மாதமாகிறது. வயிறு எப்போதும் நிறைந்தே இருக்கிறது என்றாள்; ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல். இப்போது மனநல மருத்துவர், “நாடி 44தான் இருக்கு, இது அனோரெக்சியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் மனநோய்), அட்மிட் பண்ணுங்க” என்கிறார். மகளோ, கட்டிப்போட்டு டியூப் போடுவார்கள் என்று அழுகிறாள். நாலு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, வீட்டில் வைத்து நெய்ச்சோறு ஊட்டினால் போதும் என்கிறார் என் மாமியார். உள்ளே என்னதான் நடக்கும்?
– ஒரு தாய், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலில் மாமியாரின் யோசனைக்கு வருகிறேன். பாசத்தில் சொல்கிறார், ஆனால் ஆபத்து அதில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் திடீரென்று சோறோ குளுக்கோஸோ போனால் இன்சுலின் சுரக்கும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். ரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதற்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்து விடுதலையான கைதிகளில் சிலர், வயிறார உண்ட பிறகு இறந்துபோனது இதனால்தான். வைட்டமின் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் மூளையும் பாதிக்கப்படலாம். “ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க டாக்டர்” என்பது நம் ஊரில் எல்லா நோய்க்கும் உள்ள கோரிக்கை. இந்த நோய்க்கு மட்டும் வேண்டாம்.

இந்த வயதில் பகலிலேயே நாடி 50-க்குக் கீழே போனால் அட்மிட் செய்வதுதான் வழக்கம். 44 என்றால் நல்ல நாள் பார்க்க நேரமில்லை.

முதல் வாரம் ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியுமாகப் போகும். சாப்பாடு அளவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடும். உண்ணல் கோளாறுக்கென்றே தனி வார்டு வைத்திருக்கும் இடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. பெரும்பாலும் மனநலப் பிரிவும் பொது மருத்துவமோ குழந்தைகள் பிரிவோ சேர்ந்துதான் பார்ப்பார்கள். அதனால் எங்கே சேர்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “பாஸ்பேட் தினமும் பார்ப்பீங்களா?” தயங்காமல் ‘ஆமாம்’ என்று சொல்லும் இடத்தில் சேருங்கள்.

மூக்கு வழி டியூப் எல்லோருக்கும் போடுவதில்லை. வாயால் எதுவுமே இறங்காமல் உயிருக்கு ஆபத்து என்கிற நிலையில்தான் அது. கட்டிப்போடுவதைத் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. 18 வயதுக்குக் கீழே என்பதால் அவளைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. நீங்களோ நீங்கள் ஏற்பாடு செய்யும் ஒருவரோ கூடவே தங்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். இதை அவளிடம் இப்போதே சொல்லுங்கள்.

அவளுக்குக் கஷ்டமாக இருக்கப்போவது டியூப் இல்லை, சின்னச் சின்ன விஷயங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, மெல்லிய உடையில், மெஷினுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்வார்கள். எண்ணைச் சொல்ல மாட்டார்கள். (எடை கூட்டிக் காட்ட முன்கூட்டியே ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு.) சாப்பிடும்போது நர்ஸ் எதிரே உட்கார்ந்திருப்பார். அரை மணி நேரத்தில் முடியாத மிச்சத்துக்கு ஈடாக ஒரு சத்து பானம் வரும். சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் பாத்ரூமுக்குத் தனியாக விட மாட்டார்கள். 16 வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் அவமானமாகத்தான் இருக்கும். வயிறு உப்பும், கணுக்கால் வீங்கலாம். “பாத்தியா, குண்டாயிட்டேன்” என்பாள். அது கொழுப்பு அல்ல, நீர்.

என்னிடம் வந்த ஒரு கல்லூரிப் பெண் பயப்படும் உணவுகளின் பட்டியலில் தட்டுவடை செட்தான் முதல் இடம். மூன்றாம் வாரம் அதை வரவழைத்தோம். துருவிய பீட்ரூட்டையும் கேரட்டையும் முதலில் வழித்துச் சாப்பிட்டாள். தட்டுவடையைக் கடலைப்பருப்பு அளவுக்கு உடைத்து, ஒவ்வொன்றையும் டிஷ்யூ பேப்பரில் அழுத்தி எண்ணெய் எடுத்தாள். ஒரு துண்டு சட்டைக் கைக்குள் போனது. முப்பத்தைந்து நிமிடம். பிறகு ஒருநாள் சொன்னாள்: “முதல் வாரம் உங்களைப் பார்த்தாலே எரிச்சலா வந்துச்சுங்க டாக்டர். ஆனா சாப்பிடறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ண வேண்டியதில்லன்னதும் தலைல இருந்த சத்தம் கொஞ்சம் அடங்குச்சு.” அந்தச் சத்தத்தைப் பற்றி வேறு பிள்ளைகளும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதில் பாதி பட்டினியின் வேலை. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். மெலிய வேண்டும் என்ற ஆசையே இல்லாத அவர்களும் சமையல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டும், தட்டிலிருப்பதை மணிக்கணக்கில் பிசைந்துகொண்டும், எரிந்து விழுந்துகொண்டும் இருந்தார்கள். உங்கள் மகளும் சமையல் வீடியோவாகப் பார்த்து, தம்பிக்குச் செய்துகொடுத்து, தான் சாப்பிடாமல் இருக்கிறாளா? அது நடிப்பு அல்ல. உடம்பு தேறாமல் பேச்சு வைத்தியம் பெரிதாக எடுபடாததும் இதனால்தான்.

வார்டில் வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ ஏறினாலே நல்ல வேகம். 9 கிலோவும் அங்கேயே ஏறட்டும் என்று காத்திருக்க முடியாது. ஆபத்து நீங்கியதும் வீட்டுக்கு அனுப்புவார்கள்; மீதி உங்கள் கையில். என்ன, எவ்வளவு, எப்போது என்பதைச் சில மாதங்களுக்கு அவள் அல்ல, நீங்கள் முடிவுசெய்வீர்கள். மாமியாரின் நெய்ச்சோறுக்கு வேலை வருவது அப்போதுதான்.

ஆகவே இந்த ஆண்டு விடுதி வேண்டாம் என்பேன். மெஸ்ஸில் யார் தட்டை யார் பார்ப்பார்கள்? குளிரில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருக்கும் ஊரில் ஒரு பெண் மெலிவது கண்ணில் படாது. சேலத்து மே மாத வெயிலிலும் அவள் ஸ்வெட்டரைக் கழற்றாதபோதுதான் நீங்களே கவனித்திருப்பீர்கள். நள்ளிரவில் மயங்கி விழுந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்க வேண்டும். பள்ளிக்கு ‘மருத்துவ விடுப்பு’ என்றால் போதும்.

காப்பீடு இருந்தால், மனநோய் என்று சொல்லி மறுக்க முடியாது. மற்ற நோய்களுக்கு இணையாகவே தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இரவில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். மயக்கம், நெஞ்சு படபடப்பு என்றால் போன் போட்டுக்கொண்டிராமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

வீட்டில் எடை மெஷின் இருந்தால், அவள் திரும்பி வருவதற்குள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.