லேத் ஓடுகிறதா என்று பார்!

கேள்வி: பொறியியல் கலந்தாய்வில் என் கட்-ஆஃப் 200-க்கு 168. மெக்கானிக்கல் படிக்க ஆசை. கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது? படிக்கும்போதே வேலை அனுபவம் கிடைக்குமா?
– வாசகி, தென்காசி

பதில்: நல்ல மதிப்பெண்தான்மா, பயப்படாதே. விளம்பரத்தில் வரும் வேலைவாய்ப்புக் கணக்கை அப்படியே நம்பாமல், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தை முதலில் பார். அப்புறம் ஒரு வேலைநாளில் அப்பாவோடு நேரில் போய், மூன்றாம் ஆண்டு அக்காக்களிடம் கேண்டீனில் உட்கார்ந்து பேசு. ஒர்க்‌ஷாப்பில் லேத் என்கிற கடைசல் இயந்திரம் ஓடுகிறதா, உறை போட்டு மூடிக் கிடக்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்துவிடு. விடுமுறையில் பக்கத்துப் பட்டறையில் ஒரு மாதம் நின்று கற்றுக்கொள், சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பணம் கட்டி வாங்கும் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் மட்டும் வேண்டவே வேண்டாம். பட்டம் வாங்கியதும், சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம்.