சோலார் பம்பு வாங்க ஏழைப் பெண்களுக்குக் கடன் கொடுத்தால் திரும்ப வருமா?

வரும். தவணையை எப்படி அமைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

குஜராத்தின் உப்புப் பாலைநிலமான சிறிய கட்ச் ரண் பகுதியைப் பாருங்கள். மழை ஓய்ந்ததும் அகரியா குடும்பங்கள் அந்த வெட்டவெளியில் குடியேறி, கோடை வரை உப்பு விளைவிக்கின்றன. கிணறு தோண்டி, உவர்நீரை இறைத்துப் பாத்திகளில் பாய்ச்ச வேண்டும். இதற்கு நீண்டகாலமாக டீசல் எஞ்சின்தான் வழக்கமாக இருந்தது. பருவத் தொடக்கத்தில் கையில் காசு இராது. டீசலுக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். முன்பணம் கொடுத்தவர் சொல்வதே உப்புக்கு விலை. உழைப்பின் பலனில் பெரும்பங்கு டீசலாகப் புகைந்துபோவது கொடுமை.

1972இல் இலா பட் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான ‘சேவா’, தன் உறுப்பினர்களான உப்பளப் பெண்களுக்கு சோலார் பம்பு வாங்கக் கடன் ஏற்பாடு செய்தது. டீசலில் மிச்சமாகும் பணம் தவணைக்குப் போகிறது. கடன் தீர்ந்தபின் அந்த மிச்சம் அவர்களுக்கே. வியாபாரியின் பிடியும் தளர்கிறது.

கடன் கொடுக்க நினைப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். உப்பு விற்கும் மாதங்களில்தான் பணம் வரும் என்றால், மாதத் தவணை கேட்காதீர்கள். நிலப்பத்திரம் கேட்டால் பெரும்பாலான பெண்கள் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். பம்பையே ஈடாக வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட, பழுதுபார்க்க உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுங்கள். உப்புத்தூசி படிந்த சோலார் தகட்டைத் துடைக்கவும், கழன்ற கம்பியை முடுக்கவும் நகரத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருந்தால் பாத்தி காய்ந்துவிடும், தவணையும் நின்றுவிடும்.