மாமல்லபுரத்தில் அறை வாடகைக்கு விடுபவர்கள் கூட்டுறவு சங்கமாகச் சேர்ந்தால் பயன் உண்டா?

நாலு அறை வைத்து வாடகைக்கு விடுகிறேன், என்னைப் போல முப்பது பேர் இருக்கிறோம், சங்கமாகச் சேரலாமா, கம்பெனியாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருவல்லிக்கேணியில் இருந்து பதினெட்டு வருஷமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன், மாமல்லபுரமும் காஞ்சிபுரமும் என் அன்றாட ரூட். சங்கமாகவே தொடங்குங்கள்.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கங்களைப் பாருங்கள். பட்டு நூலும் ஜரிகையும் சங்கம் கொடுக்கும், உறுப்பினர் வீட்டுத் தறியில் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார், சேலையைச் சங்கமே விற்கும், லாபம் வந்தால் உறுப்பினருக்கும் பங்கு உண்டு. தனியார் கடைகள் சிலவற்றில் பார்ட்டியைக் கூட்டி வரும் டிரைவருக்குக் கமிஷன் கொடுப்பார்கள், அது சேலை விலையில்தான் ஏறும். ஆரம்பத்தில் நானும் வாங்கியிருக்கிறேன். ஒருமுறை தறி பார்க்க ஆசைப்பட்ட பார்ட்டியை ஒரு நெசவாளர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன், அந்த அம்மா பல நாள் உட்கார்ந்து நெய்து வாங்கும் கூலியையும் அரை மணி நேரத்தில் என் கைக்கு வந்த கமிஷனையும் அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன், அதிலிருந்து சங்கக் கடைக்குத்தான் வண்டியை விடுகிறேன்.

உங்கள் தொழிலிலும் இதே கதைதான். புக்கிங் ஆப்கள் வாடகையில் 15 சதவீதமும் அதற்கு மேலும் எடுக்கின்றன, அந்தப் பணம் ஊரைவிட்டே போய்விடுகிறது. சங்கம் இருந்தால் முப்பது பேருக்கும் ஒரே போன் நம்பர், ஒரே வெப்சைட், பெட்ஷீட்டும் சோப்பும் மொத்தமாக வாங்கலாம். அறை அப்போதும் உங்கள் பெயரில்தான் இருக்கும்.

கம்பெனி வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே பங்கு அதிகம் வைத்திருப்பவர் பேச்சுதான் எடுபடும். சங்கத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு, நாலு அறைக்காரருக்கும் நாற்பது அறைக்காரருக்கும் அதேதான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2016-ல் பன்னிரண்டு வேன்காரர்கள் பதிவு எதுவும் இல்லாமல் வாய்ப்பேச்சில் ஒன்று சேர்ந்தோம். டயரும் இன்சூரன்ஸும் மொத்தமாகப் பேசியதில் நல்ல மிச்சம். ஆனால் சவாரிக்கான போன் எல்லாம் நாலு வண்டி வைத்திருந்த ஒருவரிடம் போனது, நல்ல சவாரிகள் அவர் வண்டிகளுக்கே போயின, கேட்பதற்குப் பேரவைக் கூட்டம் கிடையாது, கணக்கைத் தணிக்கை செய்யவும் ஆள் இல்லை. ஒன்றரை வருஷத்தில் கலைந்துவிட்டது. அப்புறம் 2020 ஊரடங்கில் வண்டி நின்றபோது டியூ கட்ட முடியாமல் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஃபைனான்ஸ்காரரிடம் நின்றோம். சேர்ந்து நின்றிருந்தால் அவகாசமாவது கேட்டிருக்கலாம், அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

கேரளத்தில் ஊராளுங்கல் சங்கம் என்று ஒன்று, 1925-ல் கூலித் தொழிலாளர்கள் தொடங்கியது. ரோடு, பாலம் என்று கட்டி வந்தவர்கள், வடகரை பக்கம் இரிங்கலில் பழைய கல்குவாரி இருந்த இடத்தில் உருவான சர்காலயா கைவினைக் கிராமத்தையும் 2011 முதல் நடத்துகிறார்கள். போகிறவர்கள் கைவினைஞர் வேலை செய்வதைப் பார்த்து அவரிடமே வாங்கலாம். உங்கள் ஊர்ச் சிற்பிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சங்கத்திலும் சிக்கல் உண்டு. பதிவுக்கு அலைய வேண்டும், முடிவெடுக்க நாளாகும். தேர்தல் நடக்காமல், அரசு நியமித்த தனி அலுவலர் கையில் வருஷக்கணக்கில் கிடந்த சங்கங்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஆனால் எங்கள் பேட்டையில் 1904-ல் தொடங்கிய டியூசிஎஸ் கூட்டுறவுப் பண்டகசாலை நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது.

துணைவிதிகளை, அதாவது சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகளை எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள், போனில் வரும் புக்கிங் யார் அறைக்கு முதலில், அடுத்து யாருக்கு என்ற முறையை அதிலேயே எழுதிவிடுங்கள். எங்களிடம் இல்லாமல் போனது அதுதான். வேன்காரர்களையும் உறுப்பினராக்குவதாக இருந்தால் சொல்லுங்கள், பங்குத்தொகையோடு நான் வருகிறேன்.