மகள் சைட்டில் நிற்கலாமா?

கேள்வி: மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சிவில் படித்து ஊருக்குப் பிரயோசனமான வேலை செய்யப் போகிறாளாம். வெயிலில், சைட்டில், ஆம்பிளைகளோடு நிற்கிற வேலை பெண்பிள்ளைக்குச் சரிவராது, ரீச்சர் வேலை போதும் என்பது எங்கள் எண்ணம். மூத்தவன் கனடாவில். இவளும் படித்துவிட்டு வெளியே போனால் ஊருக்கு என்ன மிச்சம்? அவளுக்கு நாலு புத்தி சொல்லுங்கள்.
(ஒரு தந்தை, புதுக்குடியிருப்பு)

பதில்: மகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை ஐயா. உங்களோடுதான் கொஞ்சம் பேச வேண்டும்.

முதலில் வெயில். யாழ்ப்பாணம் போகிற வழியில் முகமாலையைக் கடந்திருப்பீர்கள். 2009இல் போர் முடிந்த பிறகு அங்கே மிதிவெடி அகற்றியவர்களில் பெண்கள் நிறையப் பேர். கனத்த காப்பங்கி, முகத்தை மூடிய கவசம், கையில் மெட்டல் டிடெக்டர் அல்லது பிடி நீண்ட இரும்பு வாரி. முழங்காலில் இருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுக்கிற வேலை. கணவனைப் போரில் இழந்து, குடும்பத்தைத் தனியே சுமப்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து "பெண்பிள்ளைக்குச் சரிவராது" என்று ஊரில் எவரும் வழி மறித்ததாக நான் கேள்விப்படவில்லை. இல்லாதவள் அந்த வெயிலில் உயிரைப் பணயம் வைக்கலாம், படித்தவள் அதே வெயிலில் நின்று மட்டம் பார்த்தால் மட்டும் மானம் போய்விடுமா?

அவர்கள் செய்வதும் தொழில்நுட்ப வேலைதான். எங்கே குச்சி நடுவது, துப்புரவான நிலத்தை வரைபடத்தில் எப்படிக் குறிப்பது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. நிலம் துப்புரவானதும் அந்த வேலை முடிந்துவிடும். நில அளவைக்கும் குள வேலைக்கும் இவர்களைப் பயிற்றி எடுங்கள் என்று உள்ளே இருந்து கேட்க, உங்கள் மகளைப் போல் ஒருத்தி திட்டம் போடுகிற மேசையில் இருக்க வேண்டும்.

இனி, ஊருக்குப் பிரயோசனம். 2018 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவை எப்போது, எவ்வளவு திறப்பது என்பது ஒரு கணக்கு. அதைப் பீடத்தில் படிப்பிப்பார்கள். குளத்துக்குக் கீழே கண்டாவளையில் கைக்குழந்தையோடும் நடக்கமாட்டாத தாயோடும் தனியே இருக்கிறவளுக்கு, கதவு திறக்கிற செய்தி இரவு எத்தனை மணிக்கு, எந்த வழியாகப் போய்ச் சேரும் என்பது இன்னொரு கணக்கு. அப்படியான வீடுகளின் நடுவே வளர்ந்தவளுக்குத்தான் இரண்டாவதும் ஒரு கணக்கு என்றே தோன்றும். தண்ணீரும் அப்படித்தான். சிறுநீரக நோய்க்குப் பயந்து வவுனியாப் பக்கம் குடிதண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. பிளான்ட் போடுகிறார்கள், நல்லது. 20 லீற்றர் கான் நிரம்பினால் 20 கிலோ. குழாயின் உயரம் என்ன, கானைத் தூக்குகிறவள் யார், பிளான்ட் கழிக்கிற உப்புத் தண்ணீர் யார் வீட்டுக் கிணற்றுக்குள் ஊறும் என்று கேட்பதும் பொறியியல்தான்.

ஒன்றை மகளும் கவனிக்கட்டும். ஊருக்குப் பிரயோசனம் என்று வாய் திறந்தால், சம்பளமில்லாத தொண்டுக்குக் கூப்பிடக் காத்திருப்பார்கள். பெண்களுக்கான தொழில்நுட்பப் பயிற்சி என்று இரண்டு நாள் பட்டறை, பின்னால் பதாகை, மத்தியானம் சோற்றுப் பார்சல், முடிவில் சான்றிதழ். அந்தப் படங்கள் எங்கள் அலுவலகத்துக்கும் வருகின்றன. பயிற்சி எடுத்தவர்களுக்கு வேலை கிடைத்த செய்திதான் வருவதில்லை. உங்கள் மகள் கேட்க வேண்டியது முறையான நியமனம், ஆணுக்குச் சமமான சம்பளம், சைட்டில் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கழிப்பறை. மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட்டு வேலையை விட்டவர்கள் உண்டு.

ஆசிரியத் தொழிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. வன்னியில் கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் படுகிற பாடு எனக்கும் தெரியும். விருப்பமில்லாத ஒருத்தியை வகுப்பறைக்குள் தள்ளி அந்தக் குறையைத் தீர்க்க முடியாது.

கடைசியாக, ஊருக்கு என்ன மிச்சம் என்ற கேள்வி. மூத்தவரைக் கனடாவுக்கு ஏற்றி அனுப்பிய அன்று இதை எந்தப் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டீர்கள்? திரும்பி வருவேன் என்று அவரிடம் வாங்காத சத்தியத்தை இவளிடமும் வாங்காதீர்கள். இவள் ஊரில் நின்றாலும் சரி, கொழும்பில் நின்றாலும் சரி, அது அவள் முடிவு. இத்தனைக்கும், இருவரில் ஊரைப் பற்றி வாய் திறந்தவள் இவள்தான்.

பதிவுக்கான கடைசித் திகதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அறிவித்தலில் இருக்கும். இந்த இதழ் அச்சாகி புதுக்குடியிருப்புக் கடைக்கு வந்து சேர்வதற்குள் அது கடந்துவிடக் கூடாது என்பதால், இதே பதிலைத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன்.